மூன்று மணிச் சுற்று

இரண்டு மணிச் சுற்றுக்குப் போகவில்லை, ஆண்டவரே.
போனதாய்ப் பதிவேட்டில்
கையெழுத்து மட்டும் போட்டேன்.
அதே பேனாவை விரலிடுக்கில் வைத்தபடி கைகூப்பினேன்.
நாளைக்கு ஞானசௌந்தரி அக்காவுக்கு அறுவைச் சிகிச்சை,
அந்த மருத்துவரின் கைகள்...
என்று தொடங்கினேன். எங்கேயோ கண் செருகிவிட்டது.
ஆமென் சொன்னேனா, தெரியாது.

மழையில் இண்டர்காம் கரகரத்தது.
பன்னிரண்டாம் மாடி மிஸ்டர் டியோ.
நல்ல போதை.
வீட்டு எண்ணை இரண்டு தடவையும் தப்பாய்ச் சொன்னார்.
கெஞ்சலா, வசவா, ஹொக்கியனா,
ஒன்றும் பிடிபடவில்லை.
குரல் தெரியும்.
கேட்டைத் திறந்தேன்.

பதிவேட்டில்
இரண்டு மணிக் கையெழுத்தை அடித்துவிட்டு
டார்ச்சை எடுத்தேன்.
நீச்சல்குளம் தாண்டி, குப்பைக்கிடங்கு தாண்டி,
பாசிர் பாஞ்சாங் கப்பல் விளக்குகள் தெரியும் மூலைவரை.

முதலிலிருந்து சொல்லப் போவதில்லை.
விட்ட இடம் உமக்குத் தெரியும்.