மேல்கம்பி

ஏலத்தில் நாற்பது டாலர்.
ஓக் மரப் பெட்டி, நெற்றியில் இரண்டு மணி,
வலப்பக்கம் சுழற்றும் கைப்பிடி.
பேசும் வாய்க்குள் குளவி ஒன்று
கூடு கட்டி வாழ்ந்து
வாடகை தராமல் போயிருந்தது.

சஸ்காட்சுவானில் குளிர் ஐந்து மாதம்.
பகலெல்லாம் கிடங்கில் கோதுமையின் ஈரம் அளந்துவிட்டு
இரவில் இதைத் திறந்துவைத்து உட்காருவேன்.
துணி சுற்றிய கம்பிகள் தொட்டால் உதிர்ந்தன.
மூன்று காந்தங்கள் மட்டும்
கிட்டே வைத்த ஸ்பேனரை விடமாட்டேன் என்றன.
ஒலிவாங்கியின் கரித்தூள் கட்டி தட்டியிருந்தது.
நெடுநாள் பேசாத வாய் அப்படித்தான் ஆகும்.
விரல் முட்டியால் தட்டித் தட்டி
தூளை மறுபடி தூளாக்கினேன்.

மார்ச்சில் மணி அடித்தது.
அப்புறம்தான் உறைத்தது,
ஒற்றைத் தொலைபேசி என்பது
ஒரு கால் செருப்பு.

இன்னொன்று தேடி வாங்கினேன். டெமியன் ஒன்றும் சொல்லவில்லை,
கணக்குப் புத்தகத்தைச் சற்றுச் சத்தமாக மூடினான்.
சமையலறையில் ஒன்று, தூரத்துக் கொட்டகையில் ஒன்று.
நடுவே முக்கால் மைல் முள்வேலி.
முன்பு இந்தப் பக்கத்தில் வேலியிலேயே பேசினார்களாம்.
கம்பத்துக்கு ஒரு பீர் புட்டிக் கழுத்து
செருகி, மேல்கம்பியைத் தூக்கிக் கட்டினேன்.
ஒரு கம்பி போதும்.
திரும்பி வர மண் இருக்கிறது.

வேலி பாதி எங்களுடையது. பாதி லார்ன் ஹாகனுடையது.
அவர் வெட்டிய வாய்க்காலில் பனி உருகி வந்து
என் கனோலா நாற்பது ஏக்கர் அழுகியது.
அல்லது, அவர் வக்கீல் எழுதியபடி,
என் நிலம் பிறவியிலேயே பள்ளம்.
இங்கே எதிரில் வண்டி வந்தால்
ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரல் உயர்த்துவது வழக்கம்.
இரண்டு வருடமாக அந்த விரலும் இல்லை.

மே மாதம், ஒரு சனிக்கிழமை.
டெமியன் கொட்டகையில் காத்திருக்க
நான் கைப்பிடியைச் சுழற்றினேன்.
அங்கே மணி அடிக்கவில்லை.
வேலியில் ஓர் ஆள் அலறினார்.

ஈரக் கையுறையோடு ஹாகன்
கம்பி முறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.
எண்பது வோல்ட்.
கொல்லாது. மறக்கவும் விடாது.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக
என் கதவுக்குள் வந்தார்,
வக்கீல் யாரும் எழுதத் துணியாத சொற்களோடு.
வேலியில் போனதை எடுத்து
காதில் விட்டுக்கொண்டேன்,
ஒப்புக்கொள்கிறேன்.
பாதி வசவில் அவர் கண்
சுவரிலிருந்த பெட்டியில் தட்டியது.
மூடி திறந்திருந்தது.
"எத்தனை காந்தம்?"
"மூன்று."
"எங்கள் வீட்டில் கிடப்பதில் ஐந்து,"
என்று திட்டுகிற குரலிலேயே சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை வாசலில் ஒரு தீவனச் சாக்கு.
சீட்டு இல்லை. உள்ளே ஐந்து காந்தம்,
எலி தின்ற கம்பிச் சுருள்,
அடியில் ஒரு குழந்தையின் பல்.
பல்லை உறையில் போட்டு
பெட்டியோடு திருப்பிக் கொடுத்தேன்.
யாருடையது என்று அவரும் சொல்லவில்லை.

இப்போது ஒரு நெடு மணி என்றால் டெமியன்,
இரண்டு குறு மணி என்றால் ஹாகன்.
"உன் கன்று என் பார்லியில்."
"உங்கள் வேலி என் கன்றுக்குப் பத்தவில்லை."
அவ்வளவுதான். வழக்கு அக்டோபரில்.
சாலையில் விரல் இன்னும் உயரவில்லை.

நேற்று இரவு மழை கொட்டியது.
அவர் வாய்க்கால் என் வயலுக்குள் இறங்கும் சத்தம்
ஜன்னல் வரை கேட்டது.
வாயில் வந்ததையெல்லாம் வரிசைப்படுத்திக்கொண்டு
கைப்பிடியைச் சுழற்றினேன்.
நனைந்த வேலியில் எங்கோ ஒரு கம்பத்தில்
என் கோபம் தரைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
காதில் இரைச்சல் மட்டும்.
ஒருவேளை அவரும் அந்த நேரம்
எனக்குச் சுழற்றிக்கொண்டிருந்தாரோ என்னவோ.

காயட்டும் என்று
கொக்கியில் மாட்டினேன்.