இயலாத நாட்கள்

எல் ஆல்டோவில், அரசு வழக்குரைஞர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை என்னுடையது.
பக்கத்துக்கு இருபது சென்டாவோ.
படிக்கக் கூடாதென்று யாரும் சொன்னதில்லை,
அதனால் படிக்கிறேன்.

நிக்காசியா சுக்கிமியாவின் கோப்பு
முதல்முறை வந்தபோது ஒன்பது பக்கம்.
ஆறாவது, மருத்துவச் சான்றிதழ்:
இடது விலாவில் கன்றல், உள்ளங்கை அகலம்.
காதருகே மயிர் பிடுங்கிய இடம்.
கழுத்தில் நான்கு விரல், ஒரு கட்டைவிரல்.
இயலாத நாட்கள்: நான்கு.

நான்கு போதாது என்பது
முக்கில் ஊதாச்சோளக் கஞ்சி விற்கிறவளுக்கும் தெரியும்.
நாள் குறைந்தால் வழக்கு இளைக்கும்,
குடும்பத் தகராறு, போய்ச் சமாதானமாயிரு என்பார்கள்.

டாக்டர் கேட்டது ஒன்றுதான்:
மறுநாள் வேலைக்குப் போனாயா?
போனேன் என்றிருக்கிறாள்.
ஜூன் மாதம். உருளைக்கிழங்கை இரவுப் பனியில் பரப்பி
காலையில் மிதித்து நீர் பிழியும் வாரம்.
விலா நோகிறதென்று உறைபனி காத்திருக்குமா?
போனாள். மிதித்தாள்,
ஒவ்வொரு மிதிக்கும் ஒரு மூச்சைக் கடித்துக்கொண்டு.
அப்படியானால் இயலும், என்று எழுதிக்கொண்டார்.

அதே வாரம் இன்னொரு சான்றிதழும் என் கண்ணாடியில் கிடந்தது.
ருஃபீனோ, மினிபஸ் ஓட்டுநர்,
கால்பந்துத் தகராறில் சுண்டுவிரல் முறிவு.
இருபத்தைந்து நாள்.
பொய்யில்லை. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை அவனால்.
சங்கம் விடுப்புக் கொடுத்தது,
மனைவி சூப் ஊட்டினாள்.
படுக்க முடிந்தவனுக்கு நாள் கூடுகிறது.
படுக்க வழியில்லாதவளுக்குக் காயம் சீக்கிரம் ஆறிவிடுகிறது,
காகிதத்தில்.

வழக்குரைஞர் மாறினார். நகல்.
மறுபடி மாறினார். நகல்.
கோப்பு தொலைந்து, இரண்டு பக்கம் குறைந்து, கிடைத்தது. நகல்.
அச்சகாச்சிக்கும் அப்பாலிருந்து
இரண்டு வண்டி மாறி வருகிறாள்,
பாவாடை மடிப்பிலிருந்து சில்லறை எண்ணுகிறாள்.
ஒருமுறை கேட்டாள்:
அவன் ஒரு பக்கத்துக்காவது காசு கொடுத்தானா?
இந்தத் தெருவுக்கே வந்ததில்லை என்றேன்.

நான்காவதாக வந்தவள் தானியா நோசா.
தாழ்நிலத்துக்காரி, ட்ரினிடாட்.
எங்கள் உயரத்தில் இரண்டு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள்.
அதனால்தானோ என்னவோ
அவள் வேலையைப் பற்றிக் கேட்கவில்லை.
மூச்சை இழுத்தால் எங்கே நின்றது?
பிள்ளையை முதுகில் கட்டினாயா, கையில் எடுத்தாயா?
மறுபடி முதுகுக்கு எப்போது மாற்றினாய்?
தும்ம முடிந்ததா? எச்சில் விழுங்க?
நிக்காசியா விரல்விட்டு எண்ணினாள்,
விரல் போதாமல்
மொழிபெயர்ப்பாளரும் தன் கையை நீட்டினார்.
இன்னொரு டாக்டர், இன்னொரு தாள்.
இயலாத நாட்கள்: முப்பத்தொன்று.

அன்றைக்குப் பார்த்து டோனர் தீரும் நேரம்.
முதல் நகலில் அந்த எண்
தண்ணீரில் எழுதியதுபோல் வந்தது.
கிழித்துப் போட்டேன்.
கறுப்பைக் கடைசிவரை கூட்டினேன்.
பக்கமெல்லாம் அழுக்கு, ஓரமெல்லாம் கரி,
எண் மட்டும் அசையாமல் நின்றது.
மூன்று நகல். அறுபது சென்டாவோ.
வாங்கிக்கொண்டேன், எனக்கும் வாடகை இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை விசாரணை.
செவ்வாய்க்கிழமை சாலை மறியல்.
புதன் காலை ஷட்டரைத் தூக்கினால்
வட்டத் தொப்பியில் பனித்தூளோடு நிற்கிறாள்.
தேதி மாற்றிவிட்டார்களாம், இன்னொன்று வேண்டுமாம்.
தெளிவாக எடுத்துத் தருகிறேன், புது டோனர் போட்டாயிற்று என்றேன்.

வேண்டாம் என்றாள்.
அந்த அழுக்கானதைப் போலவே எடு.