உறுப்பினர் சேர்க்கை

ஐந்து ரோட்டுக் கிளையில் டோக்கன் நாற்பத்தொன்று.
பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரி எடுத்துட்டு வந்தீங்களா
என்று கேட்டார் ஷாகிதா மேடம்.
இல்லை என்றேன்.
நார்மலா, சிசேரியனா?
ரெண்டும் இல்லைங்க, ரயில்.
பெர்ஹாம்பூரில் ஏறி
சூரமங்கலத்தில் இறங்கினாள்.
அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

அப்புறம்தான் கோப்பைத் திறந்தேன்.
ஆட்சியர் ஆணை, நான்கு பக்கம்,
பச்சை மையில் கையெழுத்து.
மனுப்போட்டு மூன்று வருடம் ஏழு மாதம்.
யானைகூட இரண்டு வருடத்துக்குள் ஈன்றுவிடும்.

பிறந்த தேதி,
இல்லத்து டாக்டர் பல்லை எண்ணி
உத்தேசமாக வைத்தது.
உத்தேசம் என்று எழுத அந்தக் கட்டத்தில் இடமில்லை.
எட்டு எண்கள்தான் பிடிக்கும்.

பெயர் கார்குழலி.
பேனுக்குப் பயந்து மொட்டையடித்து
அனுப்பியிருந்தார்கள்.
தலையைத் தடவிப் பார்த்துவிட்டு
செங்கோட்டுவேலு வைத்த பெயர் அது.
முதல் பிரீமியம் மாதிரி, முன்கூட்டியே.

பதினாலாவது கேள்வியில்தான் பேனா நின்றது.
குடும்பத்தில் எவருக்கேனும்
நீரிழிவு, இதய நோய், ஆஸ்துமா, புற்று?

என் அப்பாவுக்குச் சர்க்கரை.
இடதுகால் பெருவிரல் எடுத்தாயிற்று.
சித்திகள் மூவருக்கும் தைராய்டு.
வேலு வீட்டு ஆண்கள் ஐம்பத்தைந்துக்கு மேல்
மாடிப்படி ஏறியதில்லை.
கொண்டலாம்பட்டியில் இருக்கும் ஒன்றரை சென்ட் போக
எங்கள் பரம்பரைச் சொத்து இவ்வளவுதான்.
எழுத ஆரம்பித்தேன்.
வேலு முழங்கையைப் பிடித்தார்.
"அவளுக்கு அது வராது. எழுதினா
பிரீமியம் ஏறும்."

வராது.
பெருமூச்சு விட வேண்டிய இடம்தான்.
ஏனோ தொண்டையில்
மீன்முள் மாதிரி ஒன்று மாட்டியது.

அப்பாவிடம் போனில் சொன்னேன்.
"என்னோடதைத்தான் எழுதேன்,
எனக்கொண்ணும் ஆட்சேபனை இல்ல" என்றார்.

காத்திருப்புக் காலம் முப்பது நாள்.
அதற்குள் எது வந்தாலும் உங்கள் பொறுப்பு,
விபத்து தவிர.
இருபத்தெட்டாம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

பத்தொன்பதாம் நாள் இரவு,
தை மாதம்,
சேர்வராயன் மலையின் குளிர் மொத்தமும்
எங்கள் மாமாங்கம் தெருவில் இறங்கியிருந்தது.
அவள் மூச்சில் விசில்.
விலா எலும்புகள் உள்ளே போய் வெளியே வந்தன.
ஸ்கூட்டரில் நடுவில் அவளை வைத்து
சாரதா காலேஜ் ரோடு போய்ச் சேர்ந்தோம்.

"இன்சூரன்ஸ் இருக்கா?"
"இருக்கு. இன்னும் பதினோரு நாள்ல."
கவுண்டர் பையன் சிரிக்கவில்லை.
பதினெட்டாயிரம் என்றான்.
வேலு ஏடிஎம் தேடிப் போனார்,
ஹெல்மெட்டைக் கழற்ற மறந்து.

நெபுலைசர் புகைக்குள்
கண் மட்டும் தெரிந்தது அவளுக்கு.
என் சுண்டுவிரலை விடவில்லை.
நர்ஸ் அட்டையோடு வந்தாள்.
"அம்மாவுக்கு வீசிங் இருக்கா?"
"தெரியலைங்க."
நிமிர்ந்து பார்த்தாள்.
தன் மூச்சு தனக்கே தெரியாத ஒருத்தியை
அவள் அதுவரை பார்த்ததில்லை போல.
"நீங்கதானே அம்மா?"
"ஆமா."
"அப்பச் சொல்லுங்க. இருக்கா?"
"இல்லை."

அட்டையில் அந்த இல்லை மட்டும் ஏறியது.
தெரியலை என்றவள் ஒருத்தி
பெர்ஹாம்பூர்ப் பக்கம் எங்கேயோ
இந்நேரம் இருமிக்கொண்டிருக்கலாம்.
இருமாமல் தூங்கிக்கொண்டிருக்கலாம்.
தூங்கட்டும்.

பிப்ரவரியில் கூரியரில் வந்தது கார்டு.
பெயரில் ஒரு எழுத்துப் பிழை.
படத்தில் மொட்டை,
மடியில் இருந்தவளுக்கு அரை அங்குலம்.
குடும்ப நோய் வரலாறு என்ற இடத்தில்
ஷாகிதா மேடம் ஒரு கோடு போட்டிருந்தார்.

வேலு சத்தமாகப் படித்தார்.
உறவு: மகள்.
செல்லுபடி: அடுத்த ஜனவரி இரண்டு வரை.
படித்துவிட்டு ஒரு நொடி சும்மா நின்றார்.
பிறகு போனை எடுத்து
டிசம்பர் பதினைந்துக்கு ஒரு அலாரம் வைத்தார்.
டிசம்பர் இருபதுக்கு இன்னொன்று.

அதற்குள் அவள்
கார்டின் ஒரு மூலையைக்
கடித்து முடித்திருந்தாள்.