வெளிக்கிட்ட இடம்

கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
அன்னாசிப் பெட்டிக்குள் வந்து இறங்கியது பீகிள்.
எண்பத்தையாயிரம் ரூபாய்.
ஸ்காபரோவிலிருந்து மச்சான் றெக்சன் போட்ட காசு.
"இதென்ன, ரெண்டு வெத்திலையைத் தைச்சு விட்டிருக்கு"
என்று காதைத் தூக்கிப் பார்த்தாள் மெற்றில்டா.
சூடைக் கருவாட்டை முள்ளோடு விழுங்கி
சட்டியை நக்கி
சட்டி இருந்த மணலையும் நக்கியது.

மணற்காட்டு நாய்கள் வேறு.
எங்கள் கறுவல் கண்ணால் ஓடுகிறவன்.
ரோச் வெளிச்சத்தில் முயற்கண் சிவந்தால் போதும்,
குரைப்பில்லை, மூச்சில்லை,
கழுத்து முறிகிற சத்தம் மட்டும் எங்களுக்கு வரும்.
முயல் மறைந்தாலோ அவனுக்கு உலகம் முடிந்தது.
திரும்பி வந்து
வேறு எதையோ பார்ப்பதுபோல் நிற்பான்.

இது மூக்குச் சாதி.
கண் சும்மா அழகுக்கு.
முயல் முன்னால் குந்தியிருந்தாலும்
அது வந்த வழி முழுவதையும் வாசித்து முடித்துத்தான்
தலை நிமிர்த்தும்.
வாசிப்பதும் வாய்விட்டு,
குடத்தனை வரைக்கும் கேட்கிற ஊளை.
"வனசீவராசிக்காரனுக்கு இதே கோல் எடுத்துக் குடுக்கும்"
என்று தலையில் அடித்தான் சந்தியோகு.

வட்ஸ்அப்பில் றெக்சன் சிரித்தான்:
"பின்னால ஓடாதை. நாயை விட்டிட்டு நீ நில்.
முயல் தன்ரை காணியை விட்டுப் போகாது.
பெரிய வட்டம் ஒண்டு அடிச்சு
வெளிக்கிட்ட இடத்துக்குத்தான் திரும்பி வரும்.
எழுப்பின பற்றையடியில
வாயைப் பொத்திக்கொண்டு நில்."
அவனுக்குப் பின்னால் யன்னல் நிறையப் பனி.
வாற ஓகஸ்ற் வருவன் என்று
இருபத்தேழு வருசமாய்ச் சொல்லுகிறான்.

வாடை ஓய்ந்த மாசி இரவு.
மணல் மூடிய பழைய கோயிற் சுவர் தாண்டி
சவுக்கந்தோப்பின் கிழக்கு விளிம்பு,
இராவணன் மீசை உருண்டு திரிகிற திட்டி.
காரைப் பற்றை ஒன்றுக்குள்ளிருந்து எழுப்பியது.
ஊளை தெற்கே போனது.
உப்புக்கழி ஓரம் தேய்ந்தது.
ஒரு தரம் நின்றே போனது.
"தண்ணிக்குள்ள இறங்கியிருக்கும்" என்றான் சந்தியோகு.
பிறகு மேற்கில் கேட்டது, வேறு சுருதியில்.
கறுவலின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றினேன்.
படகு எஞ்சின்போல் அதிர்ந்துகொண்டிருந்தான்.
மற்றக் கையில் மண்டா.

இருபது நிமிசம் இருக்கும்.
வந்தது.
ஓடி வரவில்லை, கேட்டுக் கேட்டு வந்தது.
மூன்று தாவல், ஒரு நிற்பு.
ஒரு காது மேற்கே, நாய்க்கு.
மற்றது எனக்கா, தெரியவில்லை.
தான் படுத்திருந்த குழியை
முன்னங்காலால் தொட்டுப் பார்த்தது,
இன்னும் சூடு இருக்கிறதா என்பதுபோல.

எறிந்தேன்.
மீனுக்குப் பழகின கை,
ஒரு முழம் முன்னால் எறிந்துவிட்டது.
மீன் ஓடும். இது நின்றது.
மிச்சத்தைக் கறுவல் முடித்தான்.
எப்போதும்போல, சத்தமில்லாமல்.

சந்தியோகு முயலைச் சவுக்குக் கொப்பில் தொங்கவிட்டு
பீடி பற்றவைக்கும்போது பீகிள் வந்து சேர்ந்தது.
மேலே பார்க்கவில்லை.
எங்களையும் பார்க்கவில்லை.
வால் நுனி மட்டும் நிலவில் வெள்ளையாய் ஆட
குழியை மணந்தது, மண்டா குத்தின மணலை மணந்தது,
தும்மியது,
ஊளையிட்டுக்கொண்டு மறுபடி தெற்கே இறங்கியது.

படம் அனுப்பினேன். உடனே எடுத்தான்,
வேலை இடத்தில், காதில் மெசின் இரைச்சலோடு.
"வந்ததோ?"
"வந்தது."
"எந்த இடத்துக்கு?"
"நீ சொன்ன இடத்துக்குத்தான்."
கொஞ்சநேரம் மெசின் மட்டும் கேட்டது.
"மிளகு கூடப் போட்டு வை" என்றான்.
பிறகு, "அதென்ன சத்தம்?"
"உன்ரை நாய். ரெண்டாந்தரம் சுத்துது."
"முயல் இல்லாமலோ?"
"ஓம்."

"கொஞ்சம் கேப்பம், பிடி" என்றான்.
போனைத் தெற்கே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்,
கை உளையும் வரைக்கும்.