பனிமேல் போட்ட பழி

காலையில் ஸ்வெட்டர் பொத்தான் போட
அரைமணி ஆகிறது.
"கோத்தகிரிக் குளிர்தானே?" என்றேன்.
"குளிர் வலியைக் கூட்டும்,
நோயைக் கூட்டிவராது"
என்ற டாக்டரம்மா கேட்கத் தொடங்கினார்.

வீட்டில் வேறு யாருக்கு?
சித்தி பங்கஜவல்லிக்கு.
ஈறில் ரத்தம் வருமா?
வரும்.
பீடி?

இலை வாட்டும் மாடியில்
சூப்பர்வைசர் இறங்கியபின்
நானும் எஸ்தரும், பதினாறு வருஷம்.
சொல்ல
எச்சில் விழுங்கவேண்டியிருந்தது.

"இதில் எது?"
"ஒன்று என்று சொல்லமுடியாது.
எதுவுமே இல்லாதவர்களுக்கும் வருகிறது."

உடம்பின் காவல் உடம்பையே அடிக்கிறதாம்.
எங்கள் வாட்ச்மேன்
கரடியென்று, இருட்டில்,
பெற்ற மகனையே அடித்தாரே, அப்படி.

திரும்பும் பஸ்ஸில்
ஜன்னலை இறக்க விரல் மடங்கவில்லை.
பனி உள்ளே வந்து
பக்கத்தில் உட்கார்ந்தது.
இத்தனை வருஷம் திட்டியிருக்கிறேன்.
கொஞ்சம் நகர்ந்து
இடம் விட்டேன்.