நிப்பாட்டின நாள்

நாலு பிளக்கும் கழற்றியாயிற்று.
ஓட்டைக்கு இரண்டு மூடி வீதம்
டீசலும் கியர் ஒயிலும் கலந்து விட்டு
ஒன்பது இரவு பொறுத்தோம்.
விடிந்ததும் டோர்ச் அடித்து எட்டிப் பார்ப்பேன்:
குடித்திருக்கிறதா?
மூன்று குடித்துவிட்டன.
கடைசிச் சிலிண்டர் மட்டும்
மருந்து விழுங்காத பிள்ளைபோல
வாய்க்குள்ளேயே வைத்திருந்தது.

நௌபர் ஜமாலியாவில் படகு என்ஜின் திருத்துகிறவன்.
"வருசம் என்ஜினைக் கொல்லாது அக்கா,
உப்புத்தான் கொல்லும்" என்றான்.
நாங்கள் இருப்பதோ உவர்மலை.
பெயரிலேயே இருக்கிறது வியாதி.

குருநாகலிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.
ஓடாத ஹில்மனுக்கு ஒரு விலை,
ஸ்ரார்ட் ஆகிற ஹில்மனுக்கு வேறொரு விலை.
இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது
எங்கள் கூரையும் மகளின் பல்லுக்குக் கம்பியும்.
ஆகவே இது பாசமில்லை. கணக்கு.

எயார் கிளீனருக்குள் எலிக்கூடு:
சீற்றுப் பஞ்சு, தும்பு, பாதி பஸ் ரிக்கற்.
ராங்கைத் தொடவேண்டாம் என்றான் நௌபர்.
பொனற்றில் ஒரு ஜாம் போத்தலைத் தொங்கவிட்டு
ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயால்
காபரேற்றருக்குப் பெற்றோல் ஏற்றினோம்.

பத்தாம் நாள்
பெரிய ஸ்பானரை முன் நட்டில் மாட்டி
நான் தள்ளினேன். அசையவில்லை.
அவன் தள்ளினான். அசையவில்லை.
வேலியோரம் வந்த மான்
தார்ப்பாயின் நுனியைச் சப்பிக்கொண்டு பார்த்தது.
(இந்த ஊரில் எல்லா வளவிலும் மானுக்குப் பங்குண்டு.)
பிறகு பின்பக்கமாய் ஒரு நூலளவு.
முன்பக்கமாய் ஒரு விரலளவு.
உள்ளே எங்கோ கறள் விட்டது,
சத்தம் என்று சொல்லமுடியாத ஒரு சத்தம்.

ஓட்டோவின் பற்றறியைக் கழற்றி வந்தவன்
வயரை மாட்டப் போனான்.
"பொறு, இதுக்கு ஏர்த் பொசிற்றிவ்."
எல்லாக் காருக்கும் மாறி.
கையேட்டில் அப்பா சிவப்பால் கோடு போட்டிருந்தார்.

திறப்பைத் திருப்பினேன்.
என்ஜின் ஒன்றும் சொல்லவில்லை.
வைப்பர் ஓடத் தொடங்கியது.

ஆவணி வெய்யில்.
றப்பர் உதிர்ந்த வெறும் இரும்பு
கண்ணாடியை வறட்டு வறட்டென்று கீறி
இல்லாத மழையைத் துடைத்தது.

தொண்ணூறு சித்திரையில்
காய்கிற வெய்யிலில் கொண்டுவந்து விட்டது,
அதற்குப் பிறகு ஒருவரும் தொடவில்லை
என்பது அப்பா சொன்னது.
அப்பா ஆறடி.
நான் இருந்த சீற்றோ
முன்னுக்குக் கடைசிப் பல்லில் மாட்டியிருந்தது.
ஏறும்போதே முழங்கால் ஸ்ரியறிங்கில் இடித்தது,
கறள் பிடித்து இறுகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.
எங்கள் வீட்டில் ஐந்தடிக்குக் குறைந்தவர் ஒரே ஒருவர்.
அவவுக்குக் கார் ஓடத் தெரியாது.

"அக்கா, ஸ்ரார்ட் பண்ணுங்கோ!"
ஒரு செருமல்.
ஒரு கரும்புகை. எலிமயிர் கருகிய நாற்றம்.
ஒரு சிலிண்டர், இரண்டு, மூன்று,
இருந்தாற்போல் அந்த நாலாவதும் விழுங்கியது.
கோழிகள் மதிலுக்கு அப்பால்.
நௌபர் இரண்டு கையையும் தூக்கி
மோட்டர் சைக்கிள்காரனுக்கெல்லாம் சிரித்தான்.
ஒரு நிமிசம் ஐம்பது செக்கன்.
ஜாம் போத்தல் காலி.

மட்டக்களப்புக்குக் கோல் எடுத்தேன்.
"அம்மா, கார் ஸ்ரார்ட் வந்திட்டுது."
பின்னால் தங்கையின் குசினிச் சத்தம்,
பைப்பை யாரோ திறந்து பூட்டுகிறார்கள்.
"ராங்கிலயோ பெற்றோல் விட்டனீங்கள்?
அது அடியில ஒழுகும்.
சவர்க்காரம் வச்சு அடைச்சனான்."
பிறகு, தேத்தண்ணி ஆறுது என்று வைத்துவிட்டா.

எந்த இரவு, எந்தச் சென்றி தாண்டி,
பின் சீற்றில் யார்
என்று கேட்க வாய் வரவில்லை.
மணலில் மல்லாந்து அடியில் புகுந்தேன்.
ராங்கின் மூலையில் மஞ்சளாய், கல்லாய்
ஒரு கட்டி.
நௌபர் ஸ்பானரால் தட்டிப் பார்த்தான்.
"இது இன்னும் நிக்கும்."

குருநாகல்காரருக்குச் சொல்லவேண்டும்.
திறப்பை எடுத்தபோது
வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்றது.
அதன் சுவிச்சை நான் தொடவில்லை.