வினாகாரண்

ரசீதில் என் மகள் பெயர் பிழையாக இருக்கிறது.
பெனினாள் என்பது பெனிலா ஆகிவிட்டது.
வயது பதினாறு, அது சரி.
இரவு பத்து நாற்பது, அதுவும் சரி.
அபராதம் ஐநூறு.
கட்டாவிட்டால் பாந்த்ரா கோர்ட்.
குற்றம் என்ற இடத்தில் மராத்தியில் ஒரே சொல்:
வினாகாரண்.

வினா, காரணம் என்றுதான் முதலில் காதில் விழுந்தது.
கேட்டிருக்கிறார்கள், இவளும் சொல்லியிருக்கிறாள் போல என்று
ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.
எதிர் அறை சாந்தாராம் சிரிக்காமல் திருத்தினான்.
காரணமே இல்லாமல் என்று அர்த்தமாம்.
ஊரடங்கில் காரணமே இல்லாமல் திரிந்தாள்.

எங்கள் வீடு பத்துக்குப் பன்னிரண்டு.
அதற்குள் அடுப்பு, என் தையல் மிஷின், மேலே பரண்,
பரணில் அவள் பள்ளிக்கூடம்,
கண்ணாடி உடைந்த ஒரு போனுக்குள்.
இல்லாதது ஒன்றுதான்.
அது தொண்ணூறடி ரோட்டுக்கு அந்தப் பக்கம்,
ஆளுக்கு மூன்று ரூபாய்.
பகலில் நீள வரிசை, ஆண்கள் கண்கள்.
பத்துக்கு மேல்தான் பெண்பிள்ளைகள் போவார்கள்.

எதற்கு வெளியே வந்தாய் என்று போலீஸ்காரர் கேட்டிருக்கிறார்.
வெளிக்கு வந்தேன் என்பதை
மராத்தியில் சொல்ல அவளுக்குத் தெரியும்.
மராத்தியில் எண்பத்தொன்று வாங்கியவள்.
பக்கத்தில் இரண்டு பையன்கள்
தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்களாம்.
ஒருவன் இவள் வகுப்பு.
வாயைத் திறக்கவில்லை.

கட்டித் தொலைச்சிருங்க என்றாள் இவள் அம்மா.
மூன்று ரூபாய் சமாசாரத்துக்கு ஐநூறா?
எனக்குப் பொறுக்கவில்லை.

முதல் நாள் சாகேப் லீவு.
இரண்டாம் நாள் ஜெராக்ஸ் மூன்று பிரதி வேண்டும் என்றார்கள்,
ஜெராக்ஸ் கடை ஊரடங்கில் மூடியிருந்தது.
டைப் அடித்தவனுக்கு எண்பது.
கழிப்பிடக் கல்லாவில் உட்காரும் ராம்சூரத்
சோப்பு அட்டையின் பின்புறத்தில் இந்தியில் எழுதிக் கொடுத்தான்:
இந்தப் பெண் தினமும் வருவாள், சில்லறை சரியாகக் கொடுப்பாள்.

மூன்றாம் நாள், பஸ்ஸில்,
தாராவி டெப்போ தாண்டியதும் சொன்னாள்:
"அப்பா, போனது நிஜம்.
ஆனா பிடிச்சது திரும்பி வர்றப்ப.
அஞ்சு நிமிஷம் ரோட்டு நடுவுல நின்னேன்."
"எதுக்குட்டி?"
"சும்மா."

சும்மா.
அதற்கு மராத்தியில் என்ன என்று
எனக்கு இப்போது தெரியும்.
என் கையில் மூன்று பிரதி ஜெராக்ஸ்.
முழங்கை உயரத்துக்குத் திரும்பிப் படுக்கிற வீட்டில்
பதினாறு வருஷமாக
ஒரு பிள்ளை சும்மா நிற்க இடம் தந்ததில்லை நான்.
பஸ் போய்க்கொண்டே இருந்தது. மனுவை மடித்துக்கொண்டேன்.

மாஜிஸ்திரேட் அம்மாவுக்கு என் மகள் வயதில் பிள்ளை இருக்கலாம்.
முகக்கவசத்துக்கு மேல் கண் மட்டும் களைத்திருந்தது.
சோப்பு அட்டையை இரண்டு முறை படித்தார்.
குரலைத் தாழ்த்தி, போய்வர எத்தனை நிமிடம் என்றார்.
இவள் தரையைப் பார்த்தாள்.
நான் என் உடைந்த இந்தியில்,
"வரிசை இல்லையென்றால் பத்து" என்று தொடங்கி
"பதினைந்து" என்று முடித்தேன்.

அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.
பெஞ்ச் கிளார்க் ஆதார் நகலையும் ரசீதையும்
பக்கத்தில் பக்கத்தில் வைத்து,
பெயர் வேறு, செல்லாது என்றார்.
அவ்வளவுதான். அடுத்த நம்பரைக் கூப்பிட்டார்கள்.
பெனிலா என்ற யாரோ ஒருத்தி
இன்னமும் காரணமில்லாமல் திரிந்துகொண்டிருக்கிறாள்,
அவளை யாரும் தேடப்போவதில்லை.

படியிறங்கும்போது இவள் முகம் அப்படியொன்றும் மலரவில்லை.
சோப்பு அட்டையைத் திருப்பித் தந்தார்களா என்று மட்டும் கேட்டாள்.
தரவில்லை.

பஸ்ஸுக்கு நிற்கையில் கேட்டுவிட்டேன்,
எப்படியிருந்தது அந்த ரோடு என்று.

லாரி ஒன்று கடக்கும்வரை பேசாமல் இருந்தாள்.
"தொண்ணூறு அடியும் இருந்துச்சுப்பா."